கிட் காருக்கு ஆழம் குறைந்த ஆயில் சம்ப்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

நான்கு_சக்கரம் கேட்டது:

வணக்கம். லோட்டஸ் செவன் என்ற சிறிய இருவர் ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில் ஒரு கிட் காரை, அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் காரை, ஓராண்டாகக் கட்டி வருகிறேன். எஞ்சின் 2.0 லிட்டர் ஃபோர்டு ஜெட்டெக். முன்சக்கர இயக்கக் காரில் குறுக்குவாட்டில் இருந்ததைக் கழற்றி, நீளவாட்டில் திருப்பி, டைப் 9 கியர்பாக்ஸுடன் சேர்த்துச் சேஸிஸில் இறக்கியிருக்கிறேன். இறக்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. இருவர் உட்காரும் எடையை ஏற்றிப் பார்த்தபோது சேஸிஸின் அடிக்குழாய் தரையிலிருந்து 125 மி.மீ. உயரத்தில் நிற்கிறது, எஞ்சினோடு வந்த ஆயில் சம்ப்போ (எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் பாத்திரம்) அந்தக் குழாய்க்கும் கீழே 75 மி.மீ. தொங்குகிறது. மிஞ்சுவது 50 மி.மீ. இதை வைத்துக்கொண்டு ஒரு வேகத்தடையைக்கூட நிம்மதியாகத் தாண்ட முடியாது.

என் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. இருக்கும் வார்ப்பு அலுமினிய சம்ப்பை அறுத்து, அடித்தட்டை மேலே ஏற்றி வெல்டிங் செய்வது ஒன்று. இரு பக்கமும் இறக்கை போல அகன்ற, தகட்டில் செய்த சம்ப்பை வாங்குவது இரண்டாவது. ஆழத்தில் இழக்கும் கொள்ளளவை அகலத்தில் மீட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். இந்த எஞ்சினுக்கென்றே ஆழம் குறைவாக வார்க்கப்பட்ட சம்ப் மூன்றாவது. நான்காவது டிரை சம்ப், அதாவது எண்ணெயைச் சம்ப்பில் தங்கவிடாமல் தனித் தொட்டியில் வைக்கும் முறை. அது எனக்கு அதிகம் என்றே நினைக்கிறேன், ஆனாலும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

கிடைப்பவற்றிலேயே மிகவும் ஆழம் குறைந்ததை, அதாவது சேஸிஸின் அடிக்குழாயோடு சமமாக நிற்கக்கூடியதை, வாங்கிவிடுவதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. வண்டி பெரும்பாலும் சாலையில்தான் ஓடும். ஆண்டுக்கு மூன்று நான்கு நாட்கள் பந்தயத் தடத்துக்கும் எடுத்துச் செல்வேன். என் எண்ணத்தில் பிழை இருந்தால் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பழைய_பேரிங் எழுதியது:

வாங்குவதற்கு முன் கேட்டீர்கள் என்பதே நல்ல செய்தி. இங்கே பெரும்பாலோர் எண்ணெய் கிடைக்காமல் எஞ்சினின் பேரிங் போன பிறகுதான் கேட்க வருகிறார்கள்.

முதலில் ஓர் அளவை எடுத்துச் சொல்லுங்கள். ஃபிளைவீலையும் கிளட்சையும் மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடிவிளிம்பு, சேஸிஸின் அடிக்குழாய்க்கு எவ்வளவு கீழே இருக்கிறது? ஃபிளைவீலின் விட்டம் உங்கள் கையில் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் பெல் ஹவுசிங்கும் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. ஆகவே சம்ப்பை எவ்வளவு வெட்டினாலும், வண்டியின் மிகத் தாழ்ந்த புள்ளி பெல் ஹவுசிங் ஆகும் கட்டத்தோடு உங்கள் ஆதாயம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் குறைக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் தரை இடைவெளியைக் கூட்டாது, எண்ணெயின் இடத்தை மட்டும் தின்னும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். எஞ்சினை 10 அல்லது 15 மி.மீ. உயர்த்த இடமிருக்கிறதா? பானட் இடிக்குமா, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெடுமா என்று பார்க்க வேண்டும். எடை மேலே ஏறுவதை நான் விரும்புவதில்லை என்றாலும், கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது.

நான்கு_சக்கரம் எழுதியது:

இன்று மாலை அளந்தேன். பெல் ஹவுசிங்கின் அடிவிளிம்பு சேஸிஸ் குழாய்க்கு 22 மி.மீ. கீழே இருக்கிறது. இந்த அளவை இத்தனை நாள் எடுக்காமல் இருந்ததற்காக வெட்கப்படுகிறேன். எஞ்சினை உயர்த்த வழியில்லை. பானட்டுக்கும் எஞ்சினின் மேலுள்ள கேம் மூடிக்கும் இடையே இப்போதே ஒரு விரல்தான் நுழைகிறது.

பழைய_பேரிங் எழுதியது:

அப்படியானால் கணக்கு மாறிவிட்டது. சம்ப் சேஸிஸோடு சமமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அது குழாய்க்கு 17 அல்லது 18 மி.மீ. கீழே தொங்கலாம், அப்போதும் பெல் ஹவுசிங்தான் தரைக்கு அருகில் இருக்கும். தரையிலிருந்து 103 மி.மீ. கிடைக்கிறது. நீங்கள் வாங்க நினைத்த சம்ப்பைவிட இது ஏறத்தாழ 18 மி.மீ. ஆழம் கூடுதல். சம்ப்புக்குள் 18 மி.மீ. என்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதை இப்போது ஓர் எளிய கணக்கால் காட்டுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இறக்கை வைத்த சம்ப்புகளைப் பற்றிப் பலரும் நம்புவது இந்தக் கணக்கில்தான் உடைகிறது.

வண்டி ஒரு வளைவில் 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான, பக்கவாட்டு விசையோடு திரும்பினால், சம்ப்பில் இருக்கும் எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்துவிடும். அரை ஜி என்றால் ஏறத்தாழ 27 பாகை. உங்களுடையது போன்ற எடை குறைந்த வண்டி, நல்ல டயர் இருந்தால், தடத்தில் 1 ஜியை எளிதாகத் தொடும்.

சம்ப்பை 400 மி.மீ. நீளமும் 200 மி.மீ. அகலமும் உள்ள ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். 4 லிட்டர் எண்ணெய் ஊற்றினால் 50 மி.மீ. ஆழத்துக்கு நிற்கும். 1 ஜியில் அந்த எண்ணெய் முழுவதும் வெளிப்பக்கச் சுவரில் ஒரு முக்கோணமாக ஒதுங்குகிறது. அந்த முக்கோணத்தின் உயரமும் அடியும் தலா 141 மி.மீ. பம்ப் எண்ணெயை இழுக்கும் உறிஞ்சு குழாயின் வாய் நட்டநடுவில், சுவரிலிருந்து 100 மி.மீ. தொலைவில் இருக்கிறது. அங்கே இன்னும் 41 மி.மீ. எண்ணெய் நிற்கும். தப்பித்தோம்.

இப்போது அதே 4 லிட்டரை 280 மி.மீ. அகலமுள்ள இறக்கை சம்ப்பில் ஊற்றுங்கள். ஆழம் 36 மி.மீ. ஆகிறது, தரை இடைவெளியும் கூடுகிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் 1 ஜியில் உருவாகும் முக்கோணம் அதே 141 மி.மீ.தான். நடுப்புள்ளி இப்போது சுவரிலிருந்து 140 மி.மீ. தள்ளிப் போய்விட்டது. உறிஞ்சு குழாயின் வாயில் மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய எண்ணெய். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது ஒரு லிட்டர் எண்ணெய் மேலே எஞ்சினின் தலைப்பகுதியிலும் கிராங்க் கேஸின் சுவர்களிலும் ஃபில்டரிலும் தங்கியிருக்கும் என்று வைத்தால், கீழே 3 லிட்டர்தான்; அப்போது முக்கோணத்தின் அடி 122 மி.மீ. ஆகிவிடும், நடுப்பகுதி வெறும் தகடாக நிற்கும். ஆக, கொள்ளளவு குறையாமலேயே பம்ப் காற்றைக் குடிக்கிறது. உள்ளே தடுப்பு இல்லாத இறக்கை சம்ப், உங்கள் பழைய ஆழமான சம்ப்பைவிட மோசமானது.

இதற்காக இறக்கை சம்ப்பே கூடாது என்று சொல்லவில்லை. உறிஞ்சு குழாயைச் சுற்றி ஒரு சிறு அறையும், அந்த அறையின் சுவர்களில் உள்நோக்கி மட்டுமே திறக்கும் கீல் கதவுகளும் இருக்க வேண்டும். இடப்புறமாகத் திரும்பும்போது எண்ணெய் வலப்புறம் ஓடும். இடப்புற இறக்கையில் இருந்த எண்ணெய் இடக்கதவைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் நுழையும், வலக்கதவு மூடியிருப்பதால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். வலப்புறம் திரும்பும்போது இதுவே எதிர்த்திசையில் நடக்கும். அந்த அறை எண்ணெயைச் சிறைப்பிடிக்கும் கூண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். கூண்டு சிறியதாக இருந்தால் பயன் குறைவு: பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுக்கிறது என்று வைத்தால், விநாடிக்கு அரை லிட்டர் போகிறது, அரை லிட்டர் கூண்டு ஒரே விநாடியில் காலி. நீண்ட வளைவு நான்கைந்து விநாடி நீடிக்கும். ஆகவே வாங்கும்போது கொள்ளளவை மட்டும் கேட்காதீர்கள். கூண்டு எவ்வளவு பெரிது, அதன் மேல் மூடி உண்டா, எத்தனை கதவு, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். மூடி இல்லாத கூண்டிலிருந்து எண்ணெய் சுவரேறிக் குதித்துவிடும்.

அடுத்தது பிரேக். உங்கள் எஞ்சின் முதலில் குறுக்குவாட்டில் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். அப்போது கிராங்க் ஷாஃப்ட் வண்டியின் அகலவாட்டில் கிடந்தது. வளைவின் விசை சம்ப்பின் நீளத்தில் வேலை செய்தது, பிரேக்கின் விசை அதன் அகலத்தில் வேலை செய்தது. நீங்கள் 90 பாகை திருப்பிவிட்டீர்கள். தொழிற்சாலையில் சம்ப்புக்குள் வைத்த தடுப்புத் தகடுகள் எல்லாம் இப்போது தவறான திசையைக் காவல் காக்கின்றன. மேலே சொன்ன 400 மி.மீ. பெட்டியில் 1 ஜி பிரேக் பிடித்தால் 4 லிட்டரும் முன்பாதியில் குவிந்துவிடும், பின்பாதி காய்ந்துவிடும். உறிஞ்சு குழாயின் வாய் பின்பக்கம் இருந்தால், அதற்குப் பின்னாலிருந்து வரும் எண்ணெயைப் பிடித்து வைக்கும் ஒரு கதவாவது முன்சுவரில் வேண்டும். அந்தக் கதவு முன்னிருந்து பின்னோக்கித் திறக்க வேண்டும், பிரேக்கின்போது சாத்திக்கொள்ள வேண்டும். வேகம் எடுக்கும்போது உண்டாகும் விசை பிரேக்கைவிட மிகக் குறைவு, அதை நினைத்து அதிகம் கவலைப்பட வேண்டாம்.

இந்தக் கணக்கில் தட்டையான பெட்டியைக் கற்பனை செய்திருக்கிறேன். உண்மையான சம்ப் சரிவும் மேடுமாக இருக்கும், எண்ணெயும் நிதானமாக நிற்காமல் அலையடிக்கும். எண்கள் சற்று மாறும், திசை மாறாது.

வெல்டிங்_கண்ணாடி எழுதியது:

முதல் வழியைப் பற்றி, அதாவது இருக்கும் சம்ப்பை அறுத்து ஒட்டுவதைப் பற்றி, நான் இரண்டு செய்திருப்பதால் சொல்கிறேன். ஒன்று நன்றாக ஓடுகிறது. மற்றொன்று அலமாரியில் இருக்கிறது.

பல ஆண்டுகள் சூடான எண்ணெயில் ஊறிய வார்ப்பு அலுமினியம் ஒரு பஞ்சு போல. எவ்வளவு கழுவினாலும் நுண்துளைகளுக்குள் எண்ணெய் இருக்கும். டிக் வெல்டிங்கின் தீப்பொறி பட்டதும் அது கொதித்து வெளியே வரும், வெல்டிங் குழம்பு கறுத்துப் புழுதிபோல் ஆகும். அறுத்த விளிம்புகளைக் கொழுப்பு நீக்கியால் கழுவி, சூடுகாட்டி, வெளியே வரும் எண்ணெயைத் துடைத்து, மறுபடி கழுவி, இப்படி மூன்று நான்கு முறை செய்த பிறகுதான் தொட வேண்டும். முதல் ஓட்டத்தைப் போட்டுவிட்டு அதையே அரைத்து எடுத்துவிட்டு மறுபடி போடுவது வீண்வேலை போலத் தோன்றும். ஆனால் அந்த முதல் ஓட்டம்தான் அழுக்கை இழுத்து வெளியேற்றுகிறது.

இரண்டாவது சிக்கல் வளைவு. வெல்டிங் ஆறும்போது சுருங்கும், சம்ப்பின் விளிம்பு வாழைப்பழம் போல வளைந்துவிடும். என் அலமாரியில் இருப்பது அப்படி வளைந்ததுதான். விளிம்பை ஒரு பழைய எஞ்சின் பிளாக்கிலோ தடித்த இரும்புத் தகட்டிலோ எல்லா போல்ட்டும் போட்டு இறுக்கிவிட்டு, சிறு சிறு துண்டாக இடம் மாற்றி மாற்றி வெல்டிங் செய்து, முழுவதும் ஆறிய பிறகே கழற்ற வேண்டும்.

கசிவைச் சோதிக்கப் பழைய முறையே போதும். வெளிப்பக்க வெல்டிங் கோடுகளில் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைத்தால், எங்கே நுண்துளை இருக்கிறதோ அங்கே வெள்ளையில் ஈரக்கறை படரும். தண்ணீரில் கசியாதது மண்ணெண்ணெயில் கசியும். ஜாக்கிரதையாகச் செய்யுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம், சோதித்த பிறகு முழுவதும் கழுவிக் காயவைக்காமல் மறுபடி வெல்டிங்குக்கு எடுக்காதீர்கள்.

இன்னொரு செய்தி, இது உங்கள் தேர்வையே பாதிக்கும். உங்களுடையது வார்ப்பு சம்ப் என்றால், அதன் பின்முகத்தில் பெல் ஹவுசிங்குக்கான போல்ட் துளைகள் இருக்கும். அந்தச் சம்ப் எண்ணெய்ப் பாத்திரம் மட்டுமல்ல, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அடிப்பக்கத்தில் விறைப்பாகப் பிணைக்கும் உறுப்பும்கூட. மெல்லிய தகட்டு சம்ப்பை மாட்டும்போது அந்தப் பிணைப்பு போய்விடுகிறது. வாங்கும் சம்ப்பில் தடித்த பின்முகமும் அந்தத் துளைகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாட்டும்போது சம்ப்பின் பின்முகமும் பிளாக்கின் பின்முகமும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று நேர்விளிம்புச் சட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டே போல்ட்டுகளை இறுக்குங்கள். தளம் தவறியிருந்தால் கியர்பாக்ஸின் போல்ட்டுகள் இழுக்கும்போது வார்ப்பு விரிசல் விடும்.

வார்ப்பா, தகடா என்ற கேள்விக்கு என் பதில்: கல் பட்டால் வார்ப்பு உடையும், தகடு நசுங்கும். நசுங்குவது நல்லது என்று நினைக்க வேண்டாம். அடித்தட்டு 8 மி.மீ. உள்ளே நசுங்கினால் உறிஞ்சு குழாயின் வாய் அடைபட்டுவிடும். எண்ணெய் ஒரு சொட்டும் வெளியே சிந்தாமலேயே எஞ்சின் போய்விடும். உடைந்த வார்ப்பாவது சிந்திக் காட்டும்.

பைக்_எஞ்சின் எழுதியது:

தலைப்பிலிருந்து விலகவில்லை, ஒரு சிறு குறிப்பு மட்டும். மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் காரில் மாட்டுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. பைக் வளைவில் சாய்கிறது. புவியீர்ப்பும் வளைவின் விசையும் சேர்ந்த மொத்த விசை எப்போதும் சம்ப்பின் அடியை நோக்கியே இருக்கும், ஆகவே அந்த எஞ்சினின் சம்ப் பக்கவாட்டு விசையை அறியாமலேயே பிறந்தது. அதைச் சாயாத காரில் வைத்தால், முதல் வேகமான வளைவிலேயே எண்ணெய் ஓரத்துக்குப் போய்விடும். ஹயபூசா எஞ்சினை வைத்தவர்கள் முதலில் தேடுவது தடுப்புத் தகடு வைத்த சம்ப் என்பதற்கு இதுதான் காரணம்.

வறண்ட_தொட்டி எழுதியது:

டிரை சம்ப்பை நீங்கள் ஒரே வரியில் ஒதுக்கிவிட்டதால் அதன் சார்பில் பேச வேண்டியிருக்கிறது. சம்ப்பில் எண்ணெயே தங்காமல் உறிஞ்சி, தனியான உயரமான தொட்டிக்கு அனுப்பிவிட்டால், மேலே எழுதிய முக்கோணக் கணக்கெல்லாம் தேவையே இல்லை. சம்ப் வெறும் தட்டு. ஆழம் மிகவும் குறைந்துவிடும். கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயைக் கலக்காததால் சக்தி இழப்பும் குறையும்.

ஆனால் உங்கள் பெல் ஹவுசிங் 22 மி.மீ.யில் நிற்கும்போது, அந்த ஆழக் குறைப்பில் உங்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை. அதை அனுபவிக்க வேண்டுமென்றால் சிறிய விட்டமுள்ள ஃபிளைவீல், கிளட்ச், அறுத்த பெல் ஹவுசிங் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஆண்டுக்கு நான்கு தட நாட்களுக்கு இவ்வளவு குழாயும் பெல்ட்டும் தொட்டியும் தேவையா என்று கேட்டால், நானே வேண்டாம் என்பேன்.

நடுவழி ஒன்று உண்டு: எண்ணெய் சேமிப்புக் குப்பி, பலரும் அக்யூசம்ப் என்று பெயர் சொல்லியே அழைப்பது. ஒரு உருளைக்குள் பிஸ்டன், ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் எஞ்சினின் எண்ணெய். அழுத்தம் நன்றாக இருக்கும்போது நிரம்பிக்கொள்ளும், அழுத்தம் விழும்போது திருப்பிக் கொடுக்கும். எஞ்சினைக் கிளப்பும் முன்பே வால்வைத் திறந்து பேரிங்குகளுக்கு எண்ணெய் அனுப்பலாம் என்பது கூடுதல் நன்மை. ஆனால் அது ஓரிரு விநாடிப் பள்ளத்தை நிரப்பத்தான். மோசமான சம்ப்புக்கு மருந்தல்ல.

அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டால் போதும் என்று யாராவது இங்கே சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: பலர் செய்கிறார்கள், ஆழமான சம்ப்பில் அது உதவவும் செய்யும். ஆழம் குறைந்த சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கும் சுழலும் கிராங்க் எடைக்கும் (கிராங்க் ஷாஃப்ட்டில் உள்ள எதிர் எடை) நடுவே இடமே இல்லை. அரை லிட்டர் கூட்டினால் கிராங்க் அதை மோர் கடைவதுபோல் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையைப் பம்ப் தள்ளும். ஆனால் பேரிங்குக்கு நுரை எண்ணெயாகாது. உங்கள் ஜெட்டெக் பழைய வகை, அதாவது வெள்ளி மூடி உள்ளது, என்றால் வால்வுகளைத் தள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட்டுகள் அந்த நுரையை விழுங்கிவிட்டுத் தட்டத் தொடங்கும். கறுப்பு மூடி வகையில் டேப்பெட் திடமானது என்பதால் சத்தம்கூட வராது, நேராகப் பேரிங்தான் சொல்லும்.

பழைய_பேரிங் எழுதியது:

வறண்ட_தொட்டி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. உறிஞ்சு குழாயைப் பற்றி இதுவரை யாரும் எழுதாததால் என் கதையைச் சொல்கிறேன்.

என் முதல் காருக்கு ஒரு சிறு பட்டறையில் தகட்டு சம்ப் வாங்கினேன். பெயர் வேண்டாம். கதவு, கூண்டு, காற்றுத்தடுப்புத் தட்டு (சுழலும் கிராங்குக்கும் எண்ணெய்க்கும் நடுவே இருக்கும் தகடு) எல்லாம் ஒழுங்காக இருந்தன. உறிஞ்சு குழாயும் கூடவே வந்தது. நம்பி மாட்டினேன். மெதுவாக ஓட்டும்போது அழுத்தம் அருமையாக இருந்தது. நிமிடத்துக்கு 5000 சுழற்சியைத் தாண்டியதும் முள் ஏறுவதற்குப் பதிலாகச் சரியத் தொடங்கியது, நேர்ச்சாலையிலேயே. வளைவில் விழுந்திருந்தால் எண்ணெய் ஓரம் போகிறது என்று புரிந்திருக்கும். நேர்ச்சாலையில் விழுந்ததால் பம்ப் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, புதுப் பம்ப்பும் போட்டேன். மாற்றமில்லை. இரண்டு வாரம் கழித்து மூன்றாவது கனெக்டிங் ராட் பேரிங் தட்டியது. மெயின் பேரிங்குக்குப் போன எண்ணெய்தான் கிராங்கின் துளைவழியே ராட் பேரிங்குக்குப் போகிறது என்பதால், பட்டினி வந்தால் முதலில் சாவது அதுதான்.

பிரித்த பிறகு ஒரு காரியம் செய்தேன், முதலிலேயே செய்திருக்க வேண்டியது. சிறுவர்கள் விளையாடும் களிமண்ணை எலுமிச்சை அளவு உருட்டி, எண்ணெய் தடவி, உறிஞ்சு குழாயின் வாயில் அப்பி, புது கேஸ்கெட்டோடு சம்ப்பை நான்கு போல்ட்டில் இறுக்கிக் கழற்றினேன். களிமண் வெற்றிலை போல நசுங்கியிருந்தது. கத்தியால் வெட்டி அளந்தால் 2 மி.மீ. குழாயின் வாய்க்கும் அடித்தட்டுக்கும் இடையே இருந்தது அவ்வளவுதான். குறைந்த வேகத்தில் அந்தச் சந்து போதுமானது, அதிக வேகத்தில் பம்ப் கேட்கும் எண்ணெய் அதன் வழியே வர முடியவில்லை. 6 முதல் 10 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் போனாலும் தவறு, மட்டம் சற்றுக் குறைந்தாலே காற்றை இழுக்கும். யார் செய்த சம்ப்பாக இருந்தாலும், எவ்வளவு பெயர் பெற்ற இடமாக இருந்தாலும், இந்தக் களிமண் சோதனையைச் செய்யாமல் மாட்டாதீர்கள். அதே களிமண்ணை காற்றுத்தடுப்புத் தட்டின் மேல் இரண்டு இடத்தில் வைத்து, எஞ்சினைக் கையால் முழுச்சுற்று சுற்றிப் பார்த்தால் கிராங்க் எடை எங்கே உரசும் என்பதும் தெரிந்துவிடும்.

குழாய் பம்ப்போடு சேரும் இடத்தில் உள்ள சீலைப் புதிதாகப் போடுங்கள். அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் எண்ணெய்க்குப் பதில் காற்று வரும். குழாயை நடுவில் ஒரு தாங்கியால் பிளாக்கோடு பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதிர்ந்து அதிர்ந்து ஒருநாள் வெல்டிங்கில் விரியும். சிலிக்கோன் பசையை 3 மி.மீ. கோடாக மட்டும் போடுங்கள். தாராளமாகப் பூசியவர்களின் எஞ்சினில், உள்பக்கம் பிதுங்கிய பசை துண்டு துண்டாக உதிர்ந்து உறிஞ்சு குழாயின் வலையில் போய் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

காரில் வரும் எண்ணெய் எச்சரிக்கை விளக்கையும் நம்ப வேண்டாம். அது எரிவது பெரும்பாலும் 0.3 முதல் 0.5 பார் வரை இறங்கிய பிறகு. ஒவ்வொரு 1000 சுழற்சிக்கும் 0.7 பார் இருக்க வேண்டும் என்ற பழைய கணக்கை வைத்துப் பார்த்தால், 6000 சுழற்சியில் விளக்கு எரிவதற்கு வெகு முன்பே பேரிங் பட்டினி கிடக்கத் தொடங்கிவிடும். 1.4 பாரில் எரியும் சுவிட்ச் ஒன்றைத் தனியாக வாங்கி, கண்ணைக் கூசும் பெரிய விளக்கோடு மாட்டுங்கள். வளைவில் யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை.

மெல்ல_ஓட்டு எழுதியது:

ஃபோர்டின் மற்றோர் எஞ்சினான டியூராடெக்கை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒன்று. 2.3 லிட்டரில் சம்ப்புக்குள் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் பெட்டி தொங்கும். அதைக் கழற்றாமல் ஆழம் குறைந்த சம்ப் எதுவும் ஏறாது. கழற்றினால் அதற்கு எண்ணெய் போகும் துளையைக் கட்டாயம் அடைக்க வேண்டும், மறந்தால் அழுத்தம் முழுவதும் அங்கேயே ஒழுகிப் போகும்.

நான்கு_சக்கரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் அளந்து, அட்டையில் மாதிரி வெட்டி வைத்துப் பார்த்து, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்.

280 மி.மீ. அகலம் என் சேஸிஸில் நுழையவே நுழையாது; ஒரு பக்கம் ஸ்டியரிங் ஷாஃப்ட், மறுபக்கம் சைலன்சர் குழாய். 240 மி.மீ. அகலமுள்ள, சேஸிஸ் குழாய்க்கு 18 மி.மீ. கீழே நிற்கக்கூடிய தகட்டு சம்ப்பை எடுத்துவிட்டேன். தடித்த பின்முகமும் பெல் ஹவுசிங் துளைகளும் இருக்கின்றன. கூண்டில் மூன்று கதவுகள்: இரண்டு பக்கத்தில், ஒன்று முன்னால். மேலே மூடி உண்டு. டிரெயின் பிளக் அடியில் இல்லாமல் பின்சரிவில் இருக்கிறது, தரையில் உரசாது. எஞ்சினை இறக்காமலேயே சம்ப்பைக் கழற்ற முடியுமா என்றும் பார்த்தேன். சேஸிஸின் குறுக்குக் குழாய் ஒன்று மறிக்கிறது, அதை போல்ட்டில் கழற்றும்படி மாற்றப் போகிறேன்.

களிமண் சோதனையில் 7 மி.மீ. வந்தது. என் மகள் தன் பச்சைக் களிமண்ணைத் திருப்பிக் கேட்கிறாள், எண்ணெய் வாசனை வருகிறது என்று வாங்க மறுக்கிறாள்.

மிச்சமிருக்கும் ஒரே கேள்வி டிப்ஸ்டிக், எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பி. பழைய டிப்ஸ்டிக்கின் கோடுகளுக்கு இப்போது பொருளே இல்லை. புதிய கோட்டை எங்கே போடுவது?

பழைய_பேரிங் எழுதியது:

எஞ்சின் சேஸிஸில் எத்தனை பாகை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். 3 பாகை சாய்வு இருந்தாலே 400 மி.மீ. நீளத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் 21 மி.மீ. வேறுபாடு வந்துவிடும், டிப்ஸ்டிக் எந்த முனையில் இறங்குகிறதோ அதைப் பொறுத்துக் கோடு இடம் மாறும். சம்ப்பை மேசையில் அதே சாய்வில் வைத்து, அளவுக் குடுவையால் எண்ணெய் ஊற்றி, காற்றுத்தடுப்புத் தட்டுக்கு 10 மி.மீ. கீழே மட்டம் வரும்போது நிறுத்துங்கள். எத்தனை லிட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு எஞ்சினில் மாட்டி, அந்த அளவை ஊற்றி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள், அழுத்த முள் எழும்பும் வரை. ஃபில்டரும் துளைகளும் குடித்ததற்கு ஈடாக எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பது ஃபில்டரைப் பொறுத்தது. அதை நிரப்பியே மாட்டினால் கணக்கு எளிது. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்து, எண்ணெய் தொட்ட இடத்தில் அரத்தால் கோடு கீறுங்கள். அது மேல்கோடு. முக்கால் லிட்டர் வடித்துவிட்டு மறுபடி பார்த்து இன்னொரு கோடு. ஆழம் குறைந்த சம்ப்பில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே அதிகம் இடமிருக்காது, தட நாளில் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மேல்கோட்டுக்கு நிரப்பிவிடுங்கள்.

களிமண்ணைச் சோப்புத் தண்ணீரில் போட்டாலும் வாசனை போகாது. புதியது வாங்கிக் கொடுங்கள்.